கூரை கழுவிய தெரு

நிலக்கரிச் சுரங்கத்தை மூடிவிட்டு அதே இடத்தில் சூரிய மின்சாரம் எடுப்பதென்று அரசு முடிவு செய்தது. வேலை இழப்பவர் எவரும் விடுபடக் கூடாதென்று ஓர் அலுவலகமும் திறந்தது. வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வேலை என்பது விதி. வீடுகளைக் கண்டுபிடிப்பது வானத்திலிருந்து எடுத்த படத்தின் பொறுப்பு. ஆட்களை அனுப்பிப் பார்த்தால் வேண்டியவர், வேண்டாதவர் என்று பேச்சு வருமல்லவா.

இருபத்திரண்டு வருடம் சுரங்கத்தில் லாரி ஓட்டிய என் அத்தான், பக்கத்து வீட்டிலிருந்த என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போனார். அதிகாரி மேசை நிறைய வரைபடத்தை விரித்தார். எங்கள் தெரு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு. 'கரிக் குவியல். மக்கள்தொகை: இல்லை' என்று போட்டிருந்தது. கூரைகளில் படிந்த கரித்தூள் செய்த வேலை.

"சார், நான் அங்கதான் குடியிருக்கேன்."

"நானா இல்லைங்கிறேன்? மேப் சொல்லுது."

"இது நியாயமா சார்?"

"நியாயத்துக்கு என்ன குறைச்சல்? உங்க தெருவுல ஒருத்தருக்குக்கூட குடுக்கலையே."

அடுத்த மாதம் மறுபடி படம் எடுப்பார்களாம். அதற்குள் கூரைகள் தெரிந்தால் பரிசீலிக்கலாமாம். முப்பது வீடும் ஏணி போட்டு ஏறியது. அக்கா சோப்புத்தூள் போட்டு நாலு நாள் தேய்த்ததில் தகரக் கூரை கண்ணைக் கூச வைத்தது. தண்ணீர் தூக்கிக் கொடுத்த எனக்கு முதுகு போயே போய்விட்டது.

புதிய வரைபடத்தில் எங்கள் தெரு பளபளத்தது. 'சூரியத் தகடுகள் ஏற்கெனவே பொருத்தப்பட்ட பகுதி. மாற்றம் இனிதே நிறைவுற்றது.'

வேலை கிடைக்காவிட்டால் பெண்ணின் படிப்பு நின்றுவிடும் என்று அத்தான் கெஞ்சினார். அதிகாரியும் மனுஷர்தானே, இளகிவிட்டார். தகடு இருந்தால் துடைக்க ஆள் வேண்டும். அங்கேயே அத்தானைத் தகடுப் பராமரிப்பாளராக நியமித்தார். தெருக் கூரைகளைத் தினமும் துடைக்க மாதச் சம்பளம். எனக்கு வயிறு எரிந்தது.

பத்தாம் நாள் ஆய்வுக்கு வந்த அதிகாரி அதிர்ந்துபோனார். அரசுத் தகடுகளுக்கு அடியில் ஆட்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அனுமதியின்றி வசிப்போர் முப்பது நாளில் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவாயிற்று. நோட்டீஸை வீடு வீடாகக் கொடுப்பது பராமரிப்பாளரின் கடமை.

அத்தான் கடமை தவறாதவர். முதல் நோட்டீஸைத் தன் வீட்டுக் கதவைத் தட்டி அக்காவிடமே நீட்டினார். அவள் நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

"வேலைக்கு ஒண்ணும் ஆபத்தில்லையே?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் தெருவே திரண்டுபோய் மனு கொடுத்தது. காலி செய்யச் சொன்னது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ஒரே குடும்பத்துக்கு வேலையைக் கொடுத்தது அநியாயம். இருப்பது முப்பது நாள், முப்பது வீடு, ஆகவே நாளுக்கு ஒரு வீடாக முறை வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தோம். முதல் கையெழுத்து என்னுடையது.