பியாலா நிரம்ப ஊற்றியதற்கு ஒரு விளக்கம்

ரயில்வே குடியிருப்பு, காகான்.
புதன்கிழமை.

பெருமதிப்பிற்குரிய ஏகம்பெர்தி அண்ணன் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியன் சத்தார் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். முதலில் 'சம்பந்தி' என்றுதான் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை நடந்தது ஞாபகம் வந்து, அதை அடித்துவிட்டு 'அண்ணன்' என்று போட்டிருக்கிறேன். தாளில் இருக்கும் கீறலைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே அண்ணி, மகள் சனோபர், ஆடுகள், அக்ரூட் மரங்கள், உங்கள் இடது முழங்கால் எல்லாம் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் என் மனைவி ஹோசியத்தும் மகன் நுஸ்ரத்தும் நலம். குழாய் மட்டும் நலமில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாம். பதினோரு தடவை அடித்தேன், நீங்கள் எடுக்கவில்லை. எடுக்காதது நியாயம்தான். மகளைக் கொடுக்கப்போகிற வீட்டைப் பார்க்க மலையிலிருந்து இறங்கி வந்த மனுஷனுக்கு, நான் பியாலா நிரம்பத் தேநீர் ஊற்றினேன். விருந்தாளிக்கு மூன்றில் ஒரு பங்கு ஊற்றினால் 'இருங்கள், இன்னும் ஊற்றுகிறேன்' என்று அர்த்தம், விளிம்பு வரை ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம் என்பது எனக்குத் தெரியாதா? முப்பத்தாறு வருஷம் ரயில் பெட்டியில் பயணிகளுக்குப் படுக்கை விரித்துத் தேநீர் போட்டுக் கொடுத்தவன் நான். டிக்கெட் இல்லாமல் ஏறியவனுக்குக்கூட நிரம்ப ஊற்றியதில்லை. ஆகவே தெரியாமல் நடந்தது என்று சொல்ல மாட்டேன். தெரிந்தே ஊற்றினேன், ஆனால் உங்களை அனுப்புவதற்காக இல்லை.

எல்லாம் தண்ணீரிலிருந்து ஆரம்பித்தது. எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி உங்களுக்கு எப்படிச் சொல்வது? பனி உருகி வருவதைக் குடிக்கிறவர் நீங்கள், உங்கள் தண்ணீர் வந்த சுவடே தெரியாமல் போய்விடும். எங்களுடையது போகிற இடமெல்லாம் சுண்ணாம்பால் தன் பெயரை எழுதிவிட்டுத்தான் போகும். நீங்கள் வருவதற்காக ஹோசியத் சனிக்கிழமையே துண்டுகளைத் துவைத்துப் போட்டாள், காய்ந்ததும் அவை சுவரில் சாய்த்து நிறுத்துகிற பதத்துக்கு வந்துவிட்டன, அதில் ஒன்றில்தான் நீங்கள் முகம் துடைத்தீர்கள், கன்னம் சிவந்ததை நான் பார்த்தேன். அதற்கு முன்னால் நுஸ்ரத் உங்கள் கையில் தண்ணீர் ஊற்ற, நீங்கள் சோப்பைத் தேய்த்தீர்கள், தேய்த்தீர்கள், அது நுரைக்கவே இல்லை. "தம்பி, உங்க ஊர் சோப்புக்கு நோன்பா?" என்று கேட்டீர்கள். எல்லாரும் சிரித்தோம், நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். இதற்கிடையில் கெட்டிலுக்குள் முட்டை ஓடு மாதிரி உப்புப் படிந்திருக்கிறதே, விருந்தாளி வருகிற நாளில் சுத்தமாக இருக்கட்டும் என்று, பக்கத்து வீட்டம்மா சொன்னபடி காலையில் உருளைக்கிழங்குத் தோலைப் போட்டுக் கொதிக்கவைத்திருந்தேன். படிவு போகவில்லை, பெயர்ந்து செதில் செதிலாக மிதக்க ஆரம்பித்தது, மணம் மட்டும் கிழங்கு மணம், அதை மஸ்லின் துணியில் வடிகட்டி வடிகட்டி ஒரு வழியாகத் தேநீர் ஆக்கினேன். அடுக்களையில் புலாவுக்குப் போட்ட கொண்டைக்கடலை முதல் நாளிலிருந்து ஊறியும் வேகாமல் கோலிக்குண்டாகவே கிடக்க, ஹோசியத் கதவுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நுஸ்ரத் அப்பா, இன்னும் அரை மணி நேரம் அவரைப் பேச்சுல வச்சிருங்க" என்றாள். உங்களை நிறுத்திவைக்கத்தான் நான் தேநீர்க் கெண்டியைக் கையில் எடுத்தேன்.

அப்போதுதான் நீங்கள் அதைக் கேட்டீர்கள். "எம் பொண்ணு பனித் தண்ணியில வளர்ந்தவ. இந்தத் தண்ணியில அவ தலைமுடி என்னத்துக்காகும்னு அவ அம்மா கேட்டுட்டு வரச் சொன்னா." நல்ல கேள்வி. ஹோசியத் கல்யாணமாகி வந்தபோது அவள் சடை என் மணிக்கட்டுப் பருமன் இருந்தது, இப்போது எப்படி என்று நான் எழுதப்போவதில்லை, அவள் இந்தக் கடிதத்தைப் படிப்பாள். பதில் சொல்வதற்குப் பதிலாக, சாறு நன்றாக இறங்க, முறைப்படி மூன்று தடவை தேநீரைப் பியாலாவில் ஊற்றிக் கெண்டிக்கே திருப்பினேன். மூன்றாவது தடவை திருப்பும்போதுதான் பியாலாவுக்குள் பார்த்தேன். மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், பழுப்பும் வெள்ளையுமாகச் சுற்றிலும் ஒரு வளையம். சாம்பல் போட்டுத் தேய்த்தாயிற்று, சோடா போட்டுத் தேய்த்தாயிற்று, அது போகாது. புதுப் பியாலா வாங்கலாம் என்று ஹோசியத் இரண்டு மாதமாகச் சொன்னாள், இருப்பதற்கு என்ன குறை என்று கேட்டவன் நான்தான். பாத்திரத்தையே இப்படிச் செய்கிற தண்ணீர் பெண்ணின் தலையை என்ன செய்யும் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்களே என்று பயந்தேன். மறைக்க ஒரே வழி, வளையத்துக்கு மேலே தேநீர் நிற்க வேண்டும். ஊற்றினேன். பச்சைத் தேநீரா, உள்ளே வளையம் தெளிவாகத் தெரிந்தது. இன்னும் ஊற்றினேன். அது கண்ணுக்குத் தெரியாமல் போனபோது தேநீர் விளிம்பில் நடுங்கிக்கொண்டிருந்தது.

நீங்கள் பியாலாவைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், அடுக்களைக் கதவைப் பார்த்தீர்கள். அவ்வளவு சூட்டிலும் கடைசிச் சொட்டு வரை குடித்தீர்கள். உள்ளங்கைகளால் முகத்தைத் தடவி 'ஓமின்' என்று துஆவை முடித்தீர்கள். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். புலாவ் சட்டியின் மூடியைக்கூட நாங்கள் திறக்கவில்லை. நான் கெண்டியோடு படிக்கட்டு வரை வந்தேன்.

"வந்த மனுஷனை விளிம்பு வரைக்கும் தேத்தண்ணி ஊத்தி அனுப்பிட்டீங்களே" என்று ஹோசியத் ஒரு தடவைதான் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நுஸ்ரத்தோ, சமர்கந்தில் படிக்கும் காலத்திலிருந்து உங்கள் மகளை மனதில் வைத்திருக்கிறவன், மூன்று நாளாகக் குழாய்த் தலையைக் கழற்றி அடைப்பை ஊசியால் குத்திக்கொண்டிருக்கிறான். அடைப்பு எப்போதோ போய்விட்டது, அவன் நிறுத்தவில்லை. அவன் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அண்ணே, ரயிலில் எத்தனையோ ஊர்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பார்த்திருக்கிறேன். மோசமான தண்ணீருக்கு யாரும் என்னைக் கோபித்துக்கொண்டதில்லை. அதை மறைக்கப் பார்த்தபோதுதான் எனக்கு அவமானம் வந்தது. உங்கள் கேள்விக்கு 'ஆமாம் அண்ணே, முடி கொஞ்சம் கொட்டும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லியிருந்தால் நீங்கள் இன்னொரு பியாலா வாங்கிக் குடித்திருப்பீர்கள்.

ஆகவே என் குற்றத்தை ஒப்புக்கொண்டு சில ஏற்பாடுகள் செய்திருக்கிறேன். அந்தப் பழைய பியாலாக்கள் ஆறையும் நேற்று நானே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டேன். வெள்ளை வெளேரென்று புது செட் வந்தாயிற்று. குழாயில் வடிகட்டி மாட்ட ஆள் வருகிறான். சனோபர் தலைக்கு ஊற்ற மட்டும் வாரம் ஒரு பெரிய கேன் மலைத் தண்ணீர் கொண்டுவர, என் பழைய ரயில் தோழர்களிடம் பேசியிருக்கிறேன். இந்தக் கிழவனை மன்னித்து மறுபடி ஒரு தரம் வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அண்ணிக்கு என் சலாம். சனோபருக்கு ஆசீர்வாதம், எந்த வீட்டுக்குப் போனாலும் அவள் தலை நிறைய முடியோடும் மனம் நிறைய நிம்மதியோடும் இருக்கட்டும்.

தங்கள்,
சத்தார்

பி.கு. – வியாழன் காலை. உறையை ஒட்டுவதற்குள் நுஸ்ரத்துக்கு உங்கள் போன் வந்துவிட்டது. மழையில் மூன்று நாளாக உங்கள் மலையில் சிக்னலே இல்லையாமே. நீங்கள் சொன்னதை அவன் என்னிடம் மூன்று தடவை சொன்னான், நான்தான் மறுபடி மறுபடி கேட்டேன். "உங்கப்பாகிட்ட சொல்லு. குடிச்சு முடிச்சப்புறம் உள்ள பார்த்தேன், மூணுல ஒரு பங்குல வளையம். அது ஒரு நாள் ரெண்டு நாள்ல விழுற வளையம் இல்ல. வந்தவங்களுக்கெல்லாம் இத்தனை வருஷம் அந்த அளவுக்கு மேல ஊத்தாத வீடு எனக்கு மட்டும் நிரம்ப ஊத்துதுன்னா, ஏதோ சங்கடம். உள்ள உங்கம்மா அழுற சத்தமும் கேட்டுச்சு. அதான் தொந்தரவு பண்ண வேணாம்னு கெளம்பிட்டேன். எம் பொண்ணுக்கு அந்த வீடுதான்."

மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாக நினைத்துக்கொள்ளுங்கள். புது செட்டைத் திருப்பிக் கொடுக்க நுஸ்ரத் போயிருக்கிறான். ஹோசியத் கீழே குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறாள், ஆறில் நாலு உடையாமல் கிடைத்துவிட்டன. கொண்டைக்கடலையை இப்போதே ஊறப் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், சம்பந்தி. வளையம் வரைக்கும்தான் ஊற்றுவேன்.