தனியாள் குடில், இரண்டாம் மாடி

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் நலமாகவும், அவருடைய டி.வி. மட்டும் கொஞ்சம் நலக்குறைவாகவும் இருக்க வேண்டுகிறேன்.

முப்பது வருஷம் ரயில் நிலைய விசாரணை ஜன்னலில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பதில் சொன்னவன், மிச்ச நாளையாவது வாய் திறக்காமல் கழிக்கலாம் என்றுதானே அந்த டி.வி. சத்தம் தாங்காமல் உன் வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டு கிளம்பினேன்? இந்த ஊர் ஸ்டேஷன் பலகையில், ஊர்ப்பெயருக்குக் கீழே, 'காட்டில் தனியே வாழ்ந்தவன் குடில் என்பது பெயரின் பொருள்' என்று எழுதியிருந்தது. அன்றைக்கே 'தனியாள் குடில்' என்ற இந்த அடுக்குமாடியில் வீடு பிடித்தேன். பெட்டியை இறக்குவதற்குள் கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு நர்ஸம்மா, ரிட்டயரானவர். “தனியா இருக்கலாம்னு வந்தீங்களாமே? நாங்க பதினாலு பேரும் அதே பலகையைப் பார்த்துட்டுத்தான் வந்தோம்! சாயங்காலம் அஞ்சு மணிக்கு மொட்டை மாடியில மீட்டிங், வந்துடுங்க.” என்ன மீட்டிங் என்கிறாயா? எப்படித் தனியாக இருப்பது என்று! பத்து மணிக்கு ஒருத்தர் வந்து, “யாரும் தொந்தரவு பண்ணலையே?” என்கிறார். பதினொன்றுக்கு இன்னொருத்தர் வந்து, முன்னவர் தொந்தரவு பண்ணினாரா என்று கேட்கிறார். நேற்று ஊர்ப்பெயரில் ஆரம்பித்தது வினை. கீழ்வீட்டு நூலகர், 'தனிமரம் நின்ற இடம்' என்பதுதான் பொருள் என்று அடித்துச் சொன்னார். கடிதம் கொடுக்க வந்த தபால்காரர் சும்மா போகக் கூடாதா? “அட போங்க சார், தனியா இருந்தவன் தாங்க முடியாம ஓடிப்போன இடம்னு எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்” என்றார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். வந்ததே எனக்குக் கோபம்! “நான் ஓடுற ஆளில்ல!” என்று கத்திவிட்டு வந்து, கதவில் பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டேன்: 'தட்டாதீர். எதையும் விசாரிக்காதீர்.'

இன்று காலையிலிருந்து ஈ, காக்கைகூட வரவில்லை. அப்பாடா! ஆகவே அண்ணன் திரும்பி வருவான் என்று கனவு காணாதே. என் அறையை மாப்பிள்ளை தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். கட்டிலையும் யாருக்காவது கொடுத்துவிடு.

நோய்நொடியில்லாமல் இருவரும் நெடுநாள் இருக்க ஆசிகளுடன்,
உன் அண்ணன்.

பி.கு.: இதை எழுதி நாலு நாளாகிறது. யாராவது வந்தால் கொடுத்தனுப்பலாம் என்றிருந்தேன். நோட்டீஸை முந்தாநாளே கிழித்துவிட்டேன், அவர்கள் பார்த்தால்தானே! அஞ்சு மணிக்கு மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. நாற்காலியை ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். தெருவில் போகிற ஒருத்தன்கூட ஒரு வார்த்தை கேட்கமாட்டேன் என்கிறான். கட்டிலைக் கொடுத்துவிடாதே, தாயே. டி.வி.யைச் சத்தமாகவே வைக்கச் சொல். இதோ, தபால்காரர் வருகிறார். கடிதத்தை நன்றாக ஒட்டித்தான் கொடுக்கிறேன்; அவர் சொன்ன பொருள்தான் சரி என்று அவருக்குத் தெரியக் கூடாது.