பெயின்டுக்குக் கீழே போன எஞ்சின்

காரைக்காலில் எது எதற்குக் கீழே வர வேண்டும் என்பதை ஆண்டவனுக்கு அடுத்தபடியாக அறிந்தவர் எங்கள் ஹாஷ் பாய்தான்.

காரைக்கால் தருமபுரத்தில் கையேடுகள் தயாரிக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. கணினியில் வரிக்கு முன்னால் ஒரு ஹாஷ் குறி (#) போட்டால் பெரிய தலைப்பு. குறி கூடக் கூட, மேலே உள்ளதற்குள் அடங்கும் சின்னத் தலைப்பு. நாலு பேர் நாலு கோப்பு எழுதுவோம். நாலு பேருமே ஒற்றை ஹாஷில்தான் தொடங்குவோம். சேர்த்து ஒரே கையேடாக்குவது பாயின் வேலை.

“ஒரே ரேஷன் கார்டுல நாலு குடும்பத் தலைவரா? எறங்குங்கப்பா” என்று எல்லாரையும் ஒரு படி இறக்குவார்.

வெளியிலும் இதே கதைதான். ஒரு கடையில் விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டுச் சாப்பிடவே மறுத்தார். “குளிர்பானத்துக்குக் கீழ முட்டை பரோட்டா போட்டிருக்கீங்க. இத எப்படிங்க வாயில வைக்கிறது?” கடைக்காரர் அழித்து எழுதிய பிறகு மூன்று பரோட்டா சாப்பிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கிளம்புகின்றன. அதற்குள் எஞ்சின் கையேடு கிளிஞ்சல்மேட்டு மீனவர்களின் போனில் இருக்க வேண்டும். பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்ததால் கோப்புகளை நானே சேர்த்தேன். மற்றவர்களுடையதை ஒரு படி இறக்கினேன்; என்னுடையது கொஞ்சம் பணிவாக இருக்கட்டுமே என்று இரண்டு படி இறக்கிவிட்டேன். பாய் திரும்பி வந்து திரையைப் பார்த்தார். நான் எழுதிய ‘நடுக்கடலில் எஞ்சின் நின்றால்’ பகுதி, அதற்கு முந்தைய ‘பெயின்ட் அடித்தல்’ அத்தியாயத்துக்குள் போய்ப் படுத்திருந்தது.

முதலாளிக்கு அவசரம். “விடுங்க பாய், அனுப்பிடுவோம். தலைப்பெல்லாம் எவன் பாக்கப் போறான்?”

“எஞ்சின் நின்னவன் பாப்பான் சார். நடுக்கடல்ல உக்காந்துகிட்டு அவன் ஏன் சார் பெயின்ட் டப்பாவத் தொறக்கணும்?”

மதியச் சாப்பாட்டைத் தொடாமல் ஒவ்வொரு தலைப்பாகச் சரிபார்த்து, சாயங்காலம்தான் அனுப்பினார். முதலாளி போட்ட சத்தம் அவர் காதில் ஏறவே இல்லை.

சில வாரம் கழித்து, கிளிஞ்சல்மேட்டிலிருந்து ஒருவர் கை நிறைய வஞ்சிரத்தோடு வந்தார். கடலில் எஞ்சின் நின்றுபோய், கையேட்டைப் பார்த்துச் சரிசெய்து ஐந்து பேரும் கரை சேர்ந்தார்களாம். பாய் மீனைப் பார்க்கவில்லை.

“எத்தன எடத்துல தேடுனீங்க?”

“தேடவே இல்லீங்க பாய். தொறந்ததும் பெரிய தலைப்பாவே இருந்துச்சு.”

பாய் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

அன்று என் போனில் அவர் பெயருக்கு முன்னால் ஒரு ஹாஷ் போட்டேன். ஒற்றை ஹாஷ். வேறு யாருக்கும் அது கிடையாது, முதலாளி உட்பட.