மியூசியம் பாயும் உடைந்த குடமும்

மற்ற ஊர் மியூசியங்களுக்கு ஜனங்கள் வேடிக்கை பார்க்கப் போவார்கள். திருத்தணியில் எங்கள் தெரு மியூசியத்துக்குச் சண்டை போடத்தான் போவார்கள்.

அதை நடத்துபவர் ஒரு ஸ்கூட்டர் மெக்கானிக். எல்லோருக்கும் அவர் மியூசியம் பாய். ஷெட்டில் பாதி ரிப்பேருக்கு, பாதி சரித்திரத்துக்கு. ராஜா, போர் எதுவும் அங்கே கிடையாது. எங்கள் தெரு மட்டும்தான். 'இத்தெருவின் முதல் மிக்ஸி. வந்த அன்றே புகைந்தது' என்று ஓர் அட்டை. ஆணியில் தொங்கும் பல்செட்டுக்குக் கீழே, 'உரியவர் உயிரோடு இருப்பதால் பெயர் போடவில்லை.' ரிப்பேருக்கு விட்ட வண்டியை எடுக்கத் தாமதித்தால் அதற்கும் அட்டை மாட்டிவிடுவார். என் ஸ்கூட்டரே ஒருமுறை சரித்திரமாகிவிட, கெஞ்சி மீட்டு வந்தேன்.

போன கோடையில் பஞ்சர் ஒட்டப் போனபோது, விளிம்பு உடைந்த நீலக் குடம் ஒன்று புதிதாக உட்கார்ந்திருந்தது. அட்டையில், 'குழாயடிச் சண்டை. முனுசாமி இக்குடத்தால் அடித்தார். கோதண்டம் அழுதார்.'

முனுசாமி, கோதண்டத்தின் அக்கா புருஷன். பக்கத்துப் பக்கத்து வீடு. அந்தச் சண்டையோடு பேச்சு நின்று பல வருஷம். ஒருவர் வீட்டில் விசேஷம் என்றால் இன்னொருவர் ரயிலேறி அரக்கோணம் போய் ஹோட்டலில் சாப்பிட்டு வருவார்.

நான் படித்து முடிக்கவில்லை. கோதண்டம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"யோவ் பாய்! நான் எங்கய்யா அழுதேன்? தெருவே சிரிச்சிகினு கீது!"

பாய் ஸ்பானரைக்கூடக் கீழே வைக்கவில்லை. "பார்த்தவங்க யாராவது வந்து சொன்னா மாத்திடறேன். சரித்திரம்னா சாட்சி வேணும்ல?"

"அங்க நானும் அந்தாளும்தான்யா இருந்தோம்!"

"ஆங், அப்ப அவரைக் கூட்டிகினு வாங்க."

கோதண்டம் அட்டையைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். 'அழுதார்' என்ற ஒரு சொல் அவரை என்ன பாடு படுத்தியதோ, நேராகப் போய் முனுசாமி வீட்டு வாசலில் நின்றார். நானும் பஞ்சரை மறந்து பின்னாலேயே போனேன்.

"பாவா..." அக்கா புருஷனை அப்படிக் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். "அன்னிக்கு நான் அழுதனா?"

முனுசாமி சட்டை போடாமலே வெளியே வந்தார். "நீ எங்கடா அழுத? நான்தான் வூட்டுக்குள்ள போய் அழுதேன்" என்றவர், செருப்பை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்கு நடந்தார். குடத்தைக் கண்டதும் முகம் மாறியது.

"பாய், இது இன்னாது? எங்க குடம் பச்சை!"

"பச்சை கெடைக்கல நைனா. சந்தையில நீலந்தான் இருந்துச்சு. நானே ஒடைச்சேன்."

அவ்வளவுதான். பல வருஷமாக ஒருவரையொருவர் திட்டச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் இருவரும் ஒன்றாகப் பாய்மேல் கொட்டினார்கள். ஒருவர் மூச்சு வாங்கினால் மற்றவர் தொடர்ந்தார். பாய் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே மூன்று டீ சொன்னார்.

மழைக்காலத்தில் பாய் காய்ச்சலில் படுத்ததில் ஷெட் சில நாள் பூட்டிக் கிடந்தது. திறந்த அன்று காலையிலேயே போய் நின்றேன். வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"வண்டிக்கு இன்னா ஆச்சு சார்?" என்றார்.

உங்களைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பிரேக்கில் ஏதோ சத்தம் என்றேன்.