விசா நைனா எழுதவைத்த மன்னிப்புக் கடிதம்

பழவேற்காட்டிலிருந்துகொண்டே இந்திய வெளியுறவை நடத்திய ஒரே மனிதர் விசா நைனாதான். சம்பளம் கிடையாது. டெல்லிக்கு விஷயமே தெரியாது.

பிழைப்புக்கு அவர் ஏரியில் படகு தள்ளினார். ஐப்பசி மழையோடு ஆலாப் பறவைகள் மணல்திட்டில் வந்து இறங்கினால் ஆளே மாறிவிடுவார். ஒருமுறை பறவைகள் கலையக்கூடாதென்று திட்டைச் சுற்றிக்கொண்டு போனதில், படகில் இருந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு முகூர்த்தமே தப்பப் பார்த்தது. பெண்ணின் அப்பா கரையில் நின்று குதித்தார்.

"உம் பொண்ணு உள்ளூரு, காத்துக்கினு இருக்கும். இதுங்க விசா கூட இல்லாம அம்மாந்தூரம் பறந்து வந்துகீதுங்க. இன்னா அவசரம்?" என்றார் இவர். பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது.

அறுபதுகளின் கடைசியில் நான் அங்கே தபாலாபீஸ் கிளார்க். ஒரு நாள் காலை நைனா தன் மைத்துனனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, ஒரு சின்ன அலுமினிய வளையத்தை என் மேஜைமேல் வைத்தார். அதில் ஒரு எண். பக்கத்தில் ரஷ்ய ஊர் ஒன்றின் பெயர்.

"சார், ரஷ்யாவுக்கு ஒரு லெட்டர் எழுதணும்."

"என்னன்னு?"

"உங்க ஆலாவ என் மச்சான் கொழம்பு வச்சித் துன்னுட்டான்னு."

வளையம் குழம்புச் சட்டியில் கிடைத்ததாம். "வலையில சிக்கிச் செத்துக் கெடந்ததுன்னு எழுதிடலாமே?" என்றேன். மைத்துனன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவன் குஞ்சுலேர்ந்து பாத்து, கால்ல வளையம் மாட்டி, நம்மள நம்பி அனுப்பிக்கிறான். நம்ம எல்லைக்குள்ள வந்தா நம்ம பொறுப்பு. அவன்கிட்டயே பொய் சொல்றதா?"

எழுதினேன். குழம்புக்கு மட்டும் கௌரவமான ஆங்கிலச் சொல் கடைசிவரை அகப்படவில்லை.

செய்தி பரவியது. நீர்மூழ்கிக் கப்பலில் ரஷ்யப் போலீஸ் வரும் என்றார்கள். மைத்துனன் பள்ளிப்பட்டுக்கு ஓடிவிட்டான். "ஊரையே மாட்டி உட்டுட்டான்யா" என்று சொல்லி நைனாவின் படகில் ஏறுவதையே ஜனங்கள் நிறுத்தினார்கள். அவர் காலிப் படகைக் கட்டிவிட்டுத் தினமும் வந்து, "பதில் வந்துச்சா சார்?" என்பார். முகம் வாடிப்போயிருக்கும். எழுதியதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

மூன்றாம் மாதம் பதில் வந்தது. மீன் ஏலம் நடக்கும் இடத்தில் நின்று உரக்கப் படித்துத் தமிழில் சொன்னேன். காஸ்பியன் கடல் தீவு ஒன்றில் முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு அது. உண்மையை எழுதியதற்கு நன்றி. கோடையில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், குளிர்காலத்தில் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இருவரில் ஒருவர் கைவிட்டாலும் பறவை இல்லை.

"போலீசு?" என்றார் ஒருவர்.

"வரல."

நைனா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அடுத்த ஐப்பசியில், திட்டுப் பக்கம் வலை விரிக்க வந்தவர்களைக் கம்போடு விரட்டியவன், பள்ளிப்பட்டிலிருந்து திரும்பிவந்த அவருடைய மைத்துனன்தான். நைனாவைவிட அவனுக்குத் தொண்டை பெரிசு.

பிறகு எனக்கு மீஞ்சூருக்கு மாற்றலாகிவிட்டது. வருஷா வருஷம் நைனா பஸ் பிடித்து வந்து, வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், "எல்லாம் வந்து சேந்துட்டாங்க சார்" என்று மட்டும் சொல்வார். இன்றும் காக்கையைத் தவிர வேறு பறவை எனக்கு அடையாளம் தெரியாது. ஆனாலும் ஐப்பசி பிறந்துவிட்டால், வாசலைப் பார்த்துக்கொண்டேதான் முத்திரை குத்துவேன்.