தொப்பு ஆட்டத்துக்கு ஆபீஸ் சொன்ன அர்த்தம்

உக்காருங்க, உக்காருங்க. பின்னாடி நிக்கிறவங்க முன்னாடி வாங்க, முன்னாடி பேசுறவங்க பின்னாடி போங்க. கதவோரம் ரெண்டு பேரு குசுகுசுங்கிறீங்களே, அந்தச் சண்டைய வீட்டுல போயி முடிச்சுக்குங்க. இது ஒரு ஆட்டத்துக்கு அர்த்தம் வாங்கப் போன ஆளோட கதை.

ஆளு பஞ்சர் கடைக்காரரு. ட்யூப் ஒட்டுற நேரம் போக மிச்ச நேரம் தெரு டீமுக்குக் கேப்டன். ஆட்டத்துக்குப் பேரு தொப்பு. ரெண்டு கம்பம், நடுவுல ஒரு கயிறு, அந்தப் பக்கம் ஆறு பேரு, இந்தப் பக்கம் ஆறு பேரு. பந்து யாரு பக்கம் தொப்புன்னு விழுதோ அவங்களுக்கு ஒரு பாயிண்டு போச்சு. அதுக்குன்னு தனிப் பேச்சும் உண்டு. கயித்துல பட்டு, சொல்லாம கொள்ளாம நம்ம பக்கம் வந்து இறங்குற பந்து, மாமியாரு. பந்தத் தொடாம, சட்ட மடிப்புக் கலையாம நிக்கிறவன், மாப்பிள்ளை. கயிறு வரைக்கும்கூடப் போகாத சர்வீசு, மொட்டை.

ஒரு நாள் கம்பத்துல நகராட்சி ஆபீஸ் நோட்டீசு. "மேற்படி காலியிடம் அலுவலக வாகனங்கள் நிறுத்துமிடமாக மாற்றப்படவுள்ளது. அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டு ஏதேனும் அங்கு நடைபெறுமாயின் ஞாயிற்றுக்கிழமைக்குள் மெய்ப்பிக்கவும்."

கேப்டன் ஒட்டிக்கிட்டிருந்த ட்யூப அப்படியே போட்டுட்டாரு. சாயங்காலம் அந்த ஒரு மணி நேரம் ஆடலேன்னா மனுஷன் ராத்திரி சோத்துல குத்தம் கண்டுபிடிப்பாருன்னு அவரு வீட்டம்மாவே சொல்லும். டெய்லரக் கூட்டிக்கிட்டு ஆபீசுக்குக் கிளம்பினாரு. டெய்லரு டீம்ல ஒரு ஆளு. வாயில எந்நேரமும் குண்டூசி கடிச்சிருக்கிற தொழிலு, அதனால பேசுற பழக்கமே விட்டுப்போச்சு.

அதிகாரி ஒரு தடிப் பதிவேட்டப் புரட்டினாரு.

"தொப்பு இதுல இல்லையே."

"கிரவுண்டுல இருக்கு சார்."

"பதிவேட்டுல இல்லாதது கிரவுண்டுல இருந்தா அது ஆக்கிரமிப்பு."

"அப்ப வாலிபால்னு போட்டுக்குங்க சார்."

"வாலிபாலுக்கு வலை வேணும். உங்ககிட்ட இருக்கிறது கயிறு. பொய்த் தகவல் ஆயிடும். தொப்புக்கே அர்த்தம் பதிவு பண்ணிடலாம்."

கேப்டன் மேசை மேல ஏறாத குறையா ஆரம்பிச்சாரு. "அது ஒண்ணுமில்ல சார், பந்து இப்படி வருதுன்னு வச்சுக்குங்க..."

"நிறுத்துங்க. நீங்க ஆடுறவரா?"

"பதினெட்டு வருஷமா."

"அப்ப நீங்க வாயே திறக்கப்படாது. ஆடுனவன், பாத்தவன், கேள்விப்பட்டவன், யாரு சொன்னாலும் அது ஒருதலைப்பட்சம். ஒண்ணுமே தெரியாத மூணு பேரு கையெழுத்துப் போட்டாத்தான் நடுநிலை."

"ஒண்ணுமே தெரியாத ஆளுக்கு நான் எங்க சார் போவேன்?"

"நீங்க ஏன் அலையணும்? அதுக்குத்தானே நாங்க இருக்கோம்."

கமிட்டி கூடுச்சு. தண்ணி வரிப் பிரிவுல ஒருத்தரு, சாக்கடைப் பிரிவுல ஒருத்தரு, இறப்புப் பதிவுல ஒரு அம்மா. விண்ணப்பத்துல கம்பம், கயிறு, ஆள் பன்னெண்டு, மாமியாரு, மாப்பிள்ளை, மொட்டை, பந்துன்னு கேப்டன் ஒழுங்கா எழுதித்தான் குடுத்தாரு. 'பெறப்பட்டது'ன்னு குத்துன முத்திரை நேரா பந்து மேல உக்காந்துருச்சு.

"ஆளு இருக்கு, கயிறு இருக்கு. ஆளு கயித்த என்ன பண்ணுவான்?" இது தண்ணி வரி.

"பாப்பான்." இது சாக்கடை.

"பாக்கிறப்ப அசைவானா?"

"எங்க பிரிவுக்கு வர்ற யாரும் இதுவரைக்கும் அசைஞ்சதில்ல," அப்படின்னாங்க அந்த அம்மா. அனுபவஸ்தங்க சொன்னா மறுத்துப் பேச முடியுமா?

மறுநாள் அர்த்தம் வந்துருச்சு. "தொப்பு: பன்னிருவர் கயிறு ஒன்றை அசையாது நோக்கி நிற்கும் உடற்பயிற்சி. மாமியார்: இவ்விளையாட்டுடன் தொடர்பற்றவர். மாப்பிள்ளை: தலைசிறந்த ஆட்டக்காரர். மொட்டை: பரிசீலனையில் உள்ளது."

கேப்டன் ரெண்டு தடவ படிச்சாரு. "சார், பந்து எங்க சார்?"

"அர்த்தத்துல இல்லாத பொருள் கிரவுண்டுல கிடந்தா அதுக்குப் பேரு குப்பை. வண்டி அனுப்பி அள்ளிருவோம். உங்களுக்குக் கிரவுண்டு வேணுமா, பந்து வேணுமா?"

முதல்ல கிரவுண்டு கைக்கு வரட்டும், பந்த மெதுவா உள்ள தள்ளிக்கலாம்னு நெனச்சுக் கேப்டன் தலையாட்டினாரு.

ஞாயித்துக்கிழமை ஆய்வு. பன்னெண்டு பேரும் கயித்தப் பாத்து நின்னாங்க. மூக்குல ஈ உக்காந்துச்சு, ஒருத்தரும் ஓட்டல. அதிகாரி அங்கயே கையெழுத்துப் போட்டாரு.

அத்தோட விட்டிருந்தா பரவாயில்ல. போற வர்றவங்க நின்னு பாத்தாங்க. அங்கீகாரம் வாங்கின ஆட்டமாமே, அப்படின்னாங்க. மருந்துக் கடைக்காரரு, தொப்பு நின்னா சுகர் இறங்குதுன்னு கிளப்பி விட்டாரு. நிக்கிறதுக்குன்னே தனி ஷூ வந்துச்சு. "எங்க பொண்ணு தொப்புல மூணாவது லெவல்"னு ஒரு அம்மா காய் வாங்குற இடத்துல பேசிக்கிட்டாங்க. பக்கத்துத் தெருப் பெரியவரு ஒருத்தரு தெரியாத்தனமா பந்தோட வந்து நின்னப்ப, பழைய காலத்து ஆளுன்னு சின்னப் பசங்க சிரிச்சாங்க.

நம்ம கேப்டன்? முதல் வாரம் பந்தப் பையில ஒளிச்சுக் கொண்டாந்தாரு. ரெண்டாவது வாரம் அவருக்குத் தலைமைப் பயிற்சியாளர்னு பேட்ஜ் குடுத்தாங்க. மூணாவது வாரம், முதுகு சொறிஞ்ச டெய்லரப் பாத்து விசில் ஊதிட்டாரு.

"கை அசையுது பாரு. அர்த்தத்தப் படிச்சியா இல்லையா நீ?"

டெய்லரு சொறியிறத நிறுத்தல.

கடைசியில கோப்பைப் போட்டி. பந்தல், மைக், முன்வரிசையில கமிட்டி. அதிகாரி முழங்கினாரு. "இவ்வரிய விளையாட்டை உலகிற்கு ஈந்தமைக்காக நம் அலுவலகம் பெருமிதம் கொள்கிறது. எவருக்கேனும் ஐயம் உண்டா?"

முதல்ல கை தட்டினது கேப்டன். கைத்தட்டல் அடங்கினப்ப, கூட்டத்துக்கு நடுவுல டெய்லரு எந்திரிச்சு நின்னாரு. அவரு குரல் எப்படி இருக்கும்னே யாருக்கும் தெரியாது, அதனால எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

"காலு கடுக்க, அசையாம, ஒண்ணும் நடக்காம நிக்கிறதுதான் ஆட்டம்னா, அத நாங்க உங்க கவுண்டர் முன்னாடி காலங்காலமா ஆடிக்கிட்டுத்தானே சார் இருக்கோம். அதுக்கு உங்க வராண்டா போதும், கிரவுண்ட எங்களுக்கு விடுங்க."