வருண வளையமும் இரண்டு குடங்களும்

தாராவிக்கு வருணபகவான் நேரில் வர முடியாததால் ஏஜெண்டை அனுப்பியிருந்தார். பெயர் ஜலயோகி சிவனாண்டி. அவர் மந்திரித்த செம்பு வளையத்தைக் குழாய் வாயில் முறுக்கினால் போதும், சோம்பலாக வழிந்த தண்ணீர் எதிர்ச்சுவர் வரை பீய்ச்சியடிக்கும். சந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டது. வளையத்தின் ஓட்டை ஏன் இத்தனை சின்னது என்று கேட்க ஒருவருக்கும் நேரமில்லை. கும்பிடும் வேலை அவ்வளவு மும்முரம்.

இட்லி அவித்துப் பிழைக்கும் மாரிசெல்வியும் ஒன்று வாங்கி மாட்டினாள். தண்ணீர் சீறியது. ஆனால் குழாயில் தண்ணீர் விடும் நேரம் முடிந்தபோது டிரம் பாதிதான் நிறைந்திருந்தது. அரிசி ஊறவைப்பதும் பாதியானது. அவளிடம் இட்லி வாங்கிச் சைக்கிளில் விற்பவர்கள் வேறு வீடு பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். பயந்துபோய் சாமியிடம் ஓடினாள். பக்தி குறைவு என்று சொல்லி, சக்தி கூடிய வளையம் தந்தார். அதன் ஓட்டை இன்னும் சின்னது.

பதினோராம் வகுப்பில் பௌதிகம் படிக்கும் மகள் கோகிலவாணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எம்மா, ஓட்டை சின்னதானா தண்ணி வேகமாத்தான் வரும். ஆனா வந்து சேருற தண்ணி குறைஞ்சிரும். நீ பாயுறதப் பாக்காத, குடம் நிறையுதான்னு பாரு."

சாமியைப் பழிக்காதே என்று மாரிசெல்வி வைதாள். வைதுவிட்டுப் பாதி டிரம்மைப் பார்த்தாள். கோபம் வேறு பக்கம் திரும்பியது.

மறுநாள் பொதுக்குழாயில் சாமி பூசைக்கு நின்றார். அங்கே இரட்டைக் குழாய். மாரிசெல்வி ஒரே அளவில் இரண்டு குடம் வைத்தாள். இடது குழாயில் மட்டும் வளையம். இடது சீறியது, கூட்டம் கைதட்டியது. வலது சும்மா கொட்டியது. கொட்டியே நிறைந்து வழிந்தது. இடது குடத்தில் பாதிகூட இல்லை.

இடது குழாயில் தீட்டு இருக்கிறது என்றார் சாமி, கொஞ்சமும் கூசாமல்.

கோகிலவாணி குடங்களைக் கவிழ்த்து, வளையத்தை வலது குழாய்க்கு மாற்றினாள். இப்போது வலது பின்தங்கியது.

"தீட்டும் இடம் மாறிட்டோ, சாமி?" என்றாள் மாரிசெல்வி. வளையத்தைக் கழற்றி எறிந்தாள். குழாய் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினாள். தண்ணீர் பாய்ந்துபோய் சாமியின் பட்டை விபூதியைக் கழுவிவிட்டது. "என் வெரலுக்கும் சக்தி வந்துட்டு. இதுக்கும் பூசை போடும்."

ஈரப் பட்டு வேட்டியோடு ஜலயோகி ஓடிய வேகத்துக்கு எந்த வளையமும் தேவைப்படவில்லை. கூட்டம் வாய் பிளந்து நின்றது. அன்று வளையமில்லாத குழாயில் மாரிசெல்வியின் டிரம் நிறைந்தது.

சாமியார் பேச்சும் பாயத்தான் செய்யும், மக்களே. கைகூப்புமுன் குடத்துக்குள் எட்டிப் பாருங்கள்.